மிச்சத்தையும் சொல்லும்

கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தால், அந்த அக்கா முதலில் அதன் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிடுவார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "சரி தம்பி, இப்ப முதலிலயிருந்து வாசியும்" என்பார். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அவருக்கும் கேட்கும். அதற்காக அவர் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போது நான் மன்னாரில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிற வழியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தேன். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கொப்பி அடிப்பதைவிடப் படிவம் நிரப்புவதுதான் பெரிய வேலை. வீட்டுக்கு ஒரு படிவம், காணிக்கு ஒரு படிவம், வள்ளத்துக்கு ஒரு படிவம், இந்தியாவில் முகாமில் பிறந்த பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளை ஆக்குவதற்கு நாலு படிவம். எனக்குச் சிங்களமும் தெரியும். கொழும்பில் ஒரு அச்சகத்தில் ஒன்பது வருடம் வேலை செய்ததில் ஒட்டிக்கொண்ட பாஷை அது. அதனால் படிவம் நிரப்புகிறவன் மெல்ல மெல்லக் அரச அலுவலகங்களுக்கு, கந்தோர் கந்தோராகக் கூடப் போய் மொழிபெயர்க்கிறவனாகவும் ஆகிவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கேள்வி கேட்கிற சாதி இல்லை. சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவன். கேட்டதற்குப் பதில் சொல், காட்டச் சொன்னதைக் காட்டு, தலையைக் குனிந்து நட. இப்படி நடந்துதான் கைகால் குறையாமல் நாற்பது வயதுக்கு வந்து சேர்ந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அக்காவை எனக்கு முதலில் துப்பரவாகப் பிடிக்கவில்லை.

அவர் தாழ்வுபாடு என்ற கரையூர்க்காரி. தொண்ணூறில் வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போய், இருபது வருடம் முகாமில் இருந்துவிட்டுப் புருசனோடு திரும்பி வந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டார்கள். புருசன் நண்டு வலை போடுவார். அக்கா கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவார். புருசனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவருக்கு வாயில் ஒரு சொல்தான் உண்டு, ஆமாம் என்கிற "ஓம்". வீட்டில் இருந்த எல்லாக் கேள்வியையும் அக்கா எடுத்துக்கொண்டதால் அவருக்குப் பதில் மட்டும்தான் மிஞ்சியது என்று நான் பகிடி பண்ணுவேன். அதற்கும் அவர் "ஓம்" என்பார்.

கந்தோர்களில் அக்காவுக்கு 'விசாரணை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். சனத்தை மற்றவர்கள் விசாரித்து முடித்துச் சில வருடம்கூட ஆகாத காலத்தில், எதிர்ப்பக்கம் இருந்து விசாரிக்கிற ஒரு மனுசி. கோபமாகக் கேட்கமாட்டார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரிக் கேட்பார். மீன்காரனில் கோபம் இருந்தா செவுளைத் தூக்குகிறோம்? பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு கட்டிக்கொடுக்க வந்த நிறுவனம் ஒன்று கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தது. பொறியியலாளர் ஒரு பெடியன், நல்ல பிள்ளை. சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு விளங்கப்படுத்தினான். இது விறாந்தை, இது அறை, இது குசினி. எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன், எனக்கு வீடு இல்லாவிட்டாலும். நன்றி சொல்ல ஒருவர் எழும்பி நின்றபோது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, நீர் சோளகத்தில இஞ்ச நிண்டனீரோ?"

பெடியன் விழித்தான். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் அடிக்கிற காற்று. மன்னாரில் அது மண்ணையும் வாரிக்கொண்டு வரும். அவன் வந்தது தை மாதம்.

"குசினி வாசலைச் சோளகத்துக்கு நேர வைச்சிருக்கிறீர். அடுப்பு எரியாது. எரிஞ்சாலும் புகை முழுக்க அறைக்குள்ள வரும். சோத்துக்குள்ள மண். இதை வரையேக்க ஆரிட்டயும் கேட்டனீங்களோ?"

யாரிடமும் கேட்கவில்லை. பெடியன் அதை ஒத்துக்கொண்டான், அது அவனுடைய நல்ல குணம். பன்னிரண்டு வீட்டின் குசினி வாசல்களும் வேறு பக்கம் திரும்பின. இன்றைக்கும் அந்த வரிசையில் சமைக்கிற பெண்கள் கண் எரியாமல் சமைக்கிறார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே, ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" என்று அதையும் ஒரு கேள்வியாகவே என்னிடம் கேட்டார். நான் சைக்கிளின் காற்றைச் சரிபார்க்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

எங்களுக்குள் நெருக்கம் வந்தது கடற்கரையில் இருந்த கடற்படை முகாமில்தான். கடலில் இறங்க அப்போது பாஸ் வேண்டும், நேரக் கட்டுப்பாடும் இருந்தது. அண்ணையின் வள்ளத்துக்கு விடிந்து ஆறு மணிக்குப் பிறகுதான் அனுமதி. அக்கா என்னை இழுத்துக்கொண்டு முகாம் அதிகாரியிடம் போனார். நான் வாசலிலேயே அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா தொடங்கினார். "நண்டு வலையை விடிய முந்தி எடுக்கோணும். வெயில் ஏறினால் நண்டு செத்துப்போம், செத்த நண்டை ஒருத்தனும் வாங்கான். ஆறு மணி எண்டு வைச்சது ஆர்? அவருக்கு நண்டு பிடிச்சுப் பழக்கம் உண்டோ? எங்கட கடலில எங்களுக்கு நேரம் வைக்கேக்க எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

நான் அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில், "ஐயா, பாஸ் நேரத்தைக் கொஞ்சம் முந்தி வைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்கிறார்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டது இவ்வளவு நீளம். நீர் சொன்னது இவ்வளவு கட்டை. மிச்சம் எங்க?"

அதிகாரி சிரித்துவிட்டு, "அம்மா கேட்டது அது இல்லைதானே" என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த அறையில் தலைகுனிய வேண்டிய ஆள் நான் ஒருவன்தான், குனிந்தேன். அடுத்த கிழமை நேரம் நாலரைக்கு மாறியது. திரும்பி வரும் வழியில் அக்கா ஏசவில்லை. "பயந்த ஆள் எண்டாலும் பரவாயில்லை, கூட வந்தனீர்தானே" என்றார். அதற்குப் பிறகு அவருக்காகப் பேசும்போது நீளத்தைக் கொஞ்சம் கூட்டினேன். முழுவதும் இல்லை. பாதிக்கு மேல் போயிருப்பேன்.

இப்படி எதையும் கேட்டு அறிகிற மனுசி ஒன்றே ஒன்றைக் கேட்காமல் விட்டார். அது அவருடைய இடது குதிக்காலில் இருந்தது.

எங்கள் கடலடியில் முள்ளி கிடக்கும். கறுப்பு ஊசிகளை உடம்பு முழுக்கக் குத்தி வைத்த பந்து மாதிரி ஒரு பிராணி. மிதித்தால் ஊசி முறிந்து உள்ளே நிற்கும். காலில் கறுப்புப் புள்ளி விழும். மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகக் கரைந்து போகும். கரையூர்களில் யாருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தாலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். அதனால் அக்காவின் குதிக்காலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தபோது ஊரே அதை முள்ளிமுள் என்று தீர்த்துவிட்டது. விளக்கெண்ணெயைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தார். அண்ணை ஊக்கை நெருப்பில் காட்டிக் கிளறிப் பார்த்தார், முள் அகப்படவில்லை. ஆழமாகப் போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். ஒரு வருடம் போனது. புள்ளி ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவாகி, ஓரம் கோணலாகி, கசியத் தொடங்கியது. பதில் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? அக்காவுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் பிழையாகிப்போனது.

என் கடையின் சீமெந்துத் தரையில் அவர் வந்து போன பிறகு ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும். முதல் தரம் பார்த்துவிட்டுத் துடைத்தேன். இரண்டாம் தரமும் துடைத்தேன். கேட்பதற்கு ஒரு மாதிரி இருந்தது. அது இப்போதும் என்னை உறுத்துகிற விஷயம். நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ, துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, காலில என்ன?"

"முள்ளி குத்தினது."

"எப்ப?"

"போன சோளகத்தில."

"போன சோளகத்தில குத்தின முள்ளு இன்னும் வளருதோ?"

அக்கா என்னை வியப்பாகப் பார்த்தார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்விகள் அவை. பிறகு குனிந்து, தன் குதிக்காலை மடியில் தூக்கி வைத்து, புதிதாகப் பார்ப்பவர் போல வெகுநேரம் பார்த்தார்.

மன்னார் ஆசுப்பத்திரியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வந்த அன்று நானும் அண்ணையும் கூடப் போனோம். இளம் டாக்டர், தமிழ்ப் பிள்ளை, ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, இது முள் இல்லை. தோலில வாற ஒரு புற்றுநோய். தெற்கில பெரிய ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். அங்க வெட்டி எடுத்தால் சுகமாகலாம்."

நான் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தொடங்குவார், இந்தப் பெடியன் வகையாக மாட்டுப்பட்டான் என்று நினைத்தேன். அவர் கடதாசியை வாங்கி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "சரி" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நோயைவிட அந்த "சரி"தான் பயமாக இருந்தது.

தெற்கில் எல்லாம் சிங்களம், ஆகவே என் நாக்கு தேவைப்பட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வெட்டுவதற்கு முதல் நாள் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அண்ணை மருந்துச் சீட்டோடு கீழ்மாடிக்குப் போயிருந்தார். டாக்டர் மெதுவாகப் பேசுகிற, கண்ணாடி போட்ட மனிதர். அக்காவின் குதிக்காலைப் பார்த்தார், அரையில், துடை சேருகிற மடிப்பில், விரல் வைத்து அழுத்தினார். அங்கே கட்டிபோல நெறி கட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார்.

அவர் சொன்னது இதுதான். குதிக்காலில் சுற்றிலும் நல்ல தசை வருமட்டும் வெட்டுவோம். துடையில் தோல் எடுத்து அங்கே ஒட்டுவோம். அது எனக்குப் பெரிய யோசனை இல்லை. யோசனை இந்த நெறிதான். ஊக்கால் கிளறியதால் கட்டிய சும்மா நெறியாக இருக்கலாம். நோய் இறங்கிய நெறியாகவும் இருக்கலாம். இறங்கியிருந்தால் முழுக்காலை எடுத்தாலும் போதாமல் போகலாம். எடுத்துச் சோதிக்கும்வரைக்கும் எனக்கே தெரியாது. இதை அப்படியே அவருக்குச் சொல். அவர் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் இருக்கிற பிள்ளை போல இருந்தார்.

"கெட்டதை வெட்டிப்போட்டு, துடையில தோல் எடுத்து ஒட்டுவினமாம் அக்கா. அரையில கிடக்கிற நெறியையும் எடுப்பினமாம். பயப்பிட ஒண்டும் இல்லையாம்."

கடைசி வசனம் டாக்டர் சொல்லாதது. அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. நீளத்துக்கும் கட்டைக்கும் இப்போது கணக்குக் கேட்பார் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது. கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது, கேட்கக்கூடாதே என்றும் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். தாதி சம்மதக் கடதாசியையும் பேனாவையும் நீட்டினார். அக்கா பேனாவை வாங்கி, மூடி போடாமல், வாசிக்கச் சொல்லாமல், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு 'இதில் கையெழுத்து வையுங்கோ' என்று விரலால் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த விரல் எனக்குக் கசந்தது.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. முடிவு வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று கிழமையும் டாக்டர் சொன்னதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணைக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் "ஓம்" என்பார், அந்த ஓமைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை. கடையில் படிவங்களில் பிழை விட்டேன். ஒரு தாத்தாவின் பிறந்த இடத்தில் அவருடைய மாட்டின் பெயரை எழுதினேன். சனம் சிரித்தது.

மூன்றாம் கிழமை மருந்து கட்டுவதற்குத் திரும்பப் போனோம். டாக்டர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். நெறியில் ஒன்றும் இல்லை, வெறும் அழற்சி. குதிக்காலில் வெட்டிய ஓரமெல்லாம் சுத்தம். ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது. நான் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, எல்லாம் சுத்தமாம். ஒரு இடத்திலயும் இல்லையாம்."

அக்கா என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். படிவத்தில் சின்ன எழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார், அண்ணையின் ஓம். நான் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆறு கிழமை குதிக்கால் நிலத்தில் படக்கூடாது. முற்றத்து வேம்பின் கீழே ஒரு கதிரையில் இருத்தி, இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்களாக இருந்தார்கள். நண்டு கூடாது, கிரந்தி, புண் ஆறாது. இறால் கூடாது, அதுவும் கிரந்தி. கத்தரிக்காயைப் பெயர்கூடச் சொல்லக்கூடாது. வாழ்நாள் முழுக்க நண்டு கழற்றிய மனுசி, பக்கத்து வீட்டில் நண்டுக்கறி கொதிக்கிற மணத்தோடு பருப்பும் சோறும் சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஊன்றுகோலைப் பிடித்து எழும்பப் பழகினார். நிறம் திரும்பியது, கன்னம் வைத்தது. உடம்பு தேறிக்கொண்டே வந்தது, ஆனால் கேள்வி மட்டும் வரவில்லை. நான் சனிக்கிழமைகளில் போய், வேண்டுமென்றே புதுச் சுற்றறிக்கைகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஊர்ச் சங்கத்தில் நடந்த இரண்டு கூட்டமும் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தில் முடிந்ததாம். முன்பு அவரைக் கண்டால் முணுமுணுத்த சங்கத் தலைவரே என் கடைக்கு வந்து, "அக்கா எப்ப வருவா? பேசாமல் எல்லாத்துக்கும் கையுயர்த்திப்போட்டுப் போறாங்கள். எனக்கு இப்ப எது சரி எது பிழையெண்டு விளங்குதில்லை" என்றார்.

ஆறாம் கிழமை முடிந்து மன்னார் ஆசுப்பத்திரியில் கடைசிக் கட்டை அவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். குதிக்காலில் ஒட்டின தோல் வெளிறி, நிறம் ஒவ்வாமல், ஆனால் சுகமாக இருந்தது. தாதி ஒரு களிம்பைக் கொடுத்து, காலையும் மாலையும் பூசச் சொன்னார். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"தோல் காயாமல் இருக்க, அம்மா."

"காய்ஞ்சால்?"

"வெடிக்கும்."

"துடைத் தோலுக்குக் குதிக்கால் வேலை தெரியுமோ? அது தடிக்குமோ, இப்பிடியேதான் மெல்லிசாய் இருக்குமோ? செருப்புப் போட்டால் உரஞ்சாதோ? எந்தச் செருப்பு? எத்தினை மாசத்துக்கு?"

தாதி என்னைப் பார்த்தார், வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டார்கள். நான் அந்த இடத்தில் ஒரு பைத்தியக்காரனைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றேன். வெளியே பெஞ்சில் இருந்த அண்ணை எட்டிப் பார்த்து, "ஓம், ஓம்" என்றார். அவர் இரண்டு தரம் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு அக்கா பழைய அக்காவாகிவிட்டார். இறப்பர் அடி வைத்த தடித்த செருப்போடு கரைக்கு வந்து நண்டு கழற்றினார். கரைக்கு வருகிற ஒவ்வொருவரையும் பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, "இது எப்ப குத்தினது? வளருதோ?" என்று விசாரித்தார். இளந்தாரிகள் அவரைக் கண்டால் காலை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டார்கள். மூன்று பேரை அவர் மன்னார் ஆசுப்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். மூன்று பேருக்கும் முள்ளிமுள்தான், நல்லகாலம். டாக்டர் அலுத்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன்.

ஒரு வருடம் கழித்து மீளாய்வுக்குத் தெற்கே போனோம். நான், அண்ணை, அக்கா. அதே அறை, அதே டாக்டர். அரையை அழுத்திப் பார்த்தார், குதிக்காலைத் தட்டிப் பார்த்தார், தோல் முழுவதையும் விளக்கு வைத்துப் பார்த்தார். நல்ல சுகம், செருப்போடு கடலிலும் இறங்கலாம், இனி ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும் என்றார். "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"ஒண்டு கிடக்கு" என்றார் அக்கா. "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும் தம்பி. குறைக்காதையும்."

"சரி அக்கா."

"போன வருசம், வெட்டுறதுக்கு முதல் நாள், நீங்கள் இவரோட கனநேரம் கதைச்சனீங்கள். இவர் எனக்கு மூண்டு வசனம் சொன்னவர். மிச்சம் என்ன?"

அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குறைக்காமல் சொல்வதாக ஒத்துக்கொண்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிங்களத்தில் சொன்னேன், முழுவதும் சொன்னேன், என் மூன்று வசனத்தையும் சேர்த்தே சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது, அது நியாயமான கோபம். பிறகு, "மிச்சம் உன்னிடம்தான் இருக்கிறது. நீயே சொல்" என்றார்.

சொன்னேன். நெறி, சும்மா நெறியாக இருந்திருக்கலாம் என்பது, இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பது, காலை எடுத்தாலும் போதாமல் போயிருக்கலாம் என்பது, டாக்டருக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னது. பயப்பட ஒன்றும் இல்லை என்பது நான் போட்ட வசனம் என்பதையும் சொன்னேன். அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

"இவ்வளவையும் வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டோ வெட்டி முடிஞ்சு திரும்பி வரேக்க பஸ்ஸில எனக்குக் கச்சான் கடலை உரிச்சுத் தந்தனீர்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"சொல்லியிருக்கமாட்டீர்" என்றார், ஒரு கடுமையும் இல்லாமல். "பயப்பிட ஒண்டும் இல்லையாம் எண்டு சொல்லேக்கயே உம்மட குரல் வேற குரல். கடற்படை முகாமில கதைச்ச குரல். அதுக்கு மேல நான் கேட்டிருந்தால் உம்மை இன்னும் நாலு பொய் சொல்ல வைச்சிருப்பன். அந்த டாக்டர் சொல்லுறது எனக்கு விளங்காது. உம்மட வாயாலதான் எனக்கு எல்லாம் வரோணும். முடிவு வந்து, சுகம் எண்டு நீர் சொல்லேக்க, அதை நான் நம்ப வேண்டாமோ? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தம்பி, வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

டாக்டர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை ஐயா, நன்றி சொல்கிறார் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம்.

"சொல்லும் அவருக்கு" என்றார் அக்கா.

சொன்னேன். எனக்கு நேரமெடுத்தது, இரண்டு இடத்தில் நிறுத்தவும் வேண்டியிருந்தது. ஆனால் அவர் சொன்ன நீளத்துக்குச் சொன்னேன்.